ஒன்பதும் பதினைந்தும்: நிறுத்தச் சொல்வதன் வரலாறு

பதிவு கொஞ்சம் நீளம். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாவகாசமாக வாசியுங்கள்.

இந்தத் தடவை பாண்டியரும் இல்லை, பாளையக்காரரும் இல்லை. கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வேலையை "போதும், நிறுத்து" என்று சொல்வது எப்படி என்பதன் வரலாறு. வரலாற்று வாத்தியாருக்கு இதில் என்ன வேலை என்று வீட்டிலேயே கேட்டாயிற்று. ஆண்டு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ஒருவர் அன்றைக்குச் சரியென்று எடுத்த முடிவு நாற்பது வருடம் கழித்து வேறொருவர் தலையில் விடிகிறது. வரலாறு என்று வேறு எதைச் சொல்வது? நம் ஆலங்குளத்தில் படித்துவிட்டு சென்னையிலும் பெங்களூரிலும் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறவர்கள் உங்களில் நிறையப் பேர். அவர்களுக்காகவும், அவர்கள் ஏன் தீபாவளிக்கு வந்த இடத்திலும் லேப்டாப்பை மூடுவதில்லை என்று கேட்கிற அத்தை சித்தப்பாக்களுக்காகவும் எழுதுகிறேன்.

கதை அமெரிக்காவில், பெல் ஆய்வகத்தில் ஆரம்பிக்கிறது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி என்ற இருவர் 1969-ல் யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதத் தொடங்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. ஓடும் புரோகிராமுக்குப் பெயர் புரோசஸ். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. ஓடிக்கொண்டிருக்கிற புரோசஸுக்கு வெளியிலிருந்து ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால்? விசைப்பலகையில் ஒருவர் குறுக்கிட்டால் அதைக் கவனிக்க ஓர் ஏற்பாடு, "விட்டுவிடு" என்றால் அதற்கு ஓர் ஏற்பாடு, எந்திரமே தடுமாறினால் அதற்கு இன்னொன்று என்று முதல் பதிப்பில் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு 'கில்' என்ற கட்டளை சேர்ந்தது. கொல் என்று பொருள். பெயருக்கேற்ற வேலை மட்டும்தான் அப்போது அதற்கு.

1973 நவம்பரில் நான்காம் பதிப்பு. தனித்தனியாகக் கிடந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து 'சிக்னல்' என்று ஒரே ஏற்பாடாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். அந்தப் பட்டியலை வாசித்தால் அந்தக் காலத்து எந்திர அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். 1 என்றால் 'ஹேங்கப்', அதாவது போனை வைத்துவிட்டார்கள். அப்போது டெலிபோன் கம்பி வழியாகத்தான் தூரத்திலிருந்து கம்ப்யூட்டரோடு பேசுவார்கள். கம்பி அறுந்தால், அந்தப் பக்கம் ஆள் இல்லை, நீ ஓடி என்ன பயன் என்று புரோசஸுக்குச் சொல்லும் சேதி அது. 2 என்றால் விசைப்பலகையில் குறுக்கீடு. இன்றைக்கும் நீங்கள் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அழுத்தினால் போவது அந்த இரண்டுதான். 6, 7 இரண்டும் பிடிபி-11 என்ற எந்திரத்தின் இரண்டு உள்கட்டளைகளின் பெயர்கள். அந்த எந்திரம் மியூசியத்துக்குப் போய்விட்டது. எண்கள் மட்டும் இன்னும் உங்கள் சர்வர்களில் உட்கார்ந்திருக்கின்றன. நம் ஊர்களில் குளம் போன பிறகும் குளத்தின் பெயர் தங்கியிருக்கிற மாதிரி.

9 என்றால் கொலை. அதைப் பிடித்து நிறுத்த எந்தப் புரோசஸாலும் முடியாது. காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் முடியாது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். 1975-ல் வந்த ஆறாம் பதிப்பு வரைக்கும் 'கில்' என்று வெறுமனே அடித்தால் போனது 9. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பில்தான் அது மாறியது. 15 என்று ஒரு சிக்னல், 'டெர்ம்' என்று அதற்குப் பெயர். முடித்துக்கொள் என்று பொருள். வெறுமனே 'கில்' அடித்தால் இனி 15 போகும். 9 வேண்டுமென்றால் எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆக, முதலில் வந்தது வெட்டு. மரியாதை பின்னால்தான் வந்தது. அரசியல் வரலாறு படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

15-ல் அப்படி என்ன மரியாதை என்றால், அதை வாங்குகிற புரோசஸ் தன்னைச் சுதாரித்துக்கொள்ளலாம். கையிலிருக்கிற கணக்கை எழுதி முடித்து, திறந்த கோப்பை மூடி, பிறகு தானாக வெளியேறலாம். "15 வந்தால் இதைச் செய்" என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் அதைச் செய்யும். எழுதி வைக்கவில்லை என்றால் அப்படியே நின்றுவிடும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1970-ல் ஓட ஆரம்பித்த நம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பில் எத்தனை பேர்! கில்ன் என்று சொல்வார்களே, அந்த நீளமான இரும்புக் குழாய்ச் சூளை. உள்ளே சுமார் 1450 டிகிரிச் சூடு, குழாய் லேசான சரிவில் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதை சுவிட்சைத் தட்டி நிறுத்த முடியாது. சூட்டோடு அசையாமல் நின்றால் தன் கனத்திலேயே குழாய் வளைந்துவிடும். அதனால் நெருப்பை அணைத்த பிறகும், கரண்ட் போனாலும்கூட, தனி மோட்டாரோ எஞ்சினோ வைத்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே ஆறவிடுவார்கள். கில்னுக்கும் கில்லுக்கும் எழுத்தில் வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் 15 என்பது கில்னை ஆறவிடுவது. 9 என்பது ஓடுகிற கில்னுக்கு ஃபியூஸைப் பிடுங்குவது.

சிக்னலில் வேறு குறைகளும் இருந்தன. ஏழாம் பதிப்பில் ஒரு சிக்னல் வந்து அதைக் கவனித்தவுடன் அந்த ஏற்பாடு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். திரும்ப ஏற்பாடு செய்வதற்குள் அதே சிக்னல் இரண்டாம் முறை வந்தால் புரோசஸ் காலி. 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 4.2 பதிப்பு இதைச் சரிசெய்தது. 1988-ல் வந்த பாசிக்ஸ் என்ற பொதுத் தரம் அதையே இன்னும் ஒழுங்கு செய்தது. இதை இத்தோடு விடுகிறேன். நம் கதைக்கு முக்கியம் ஒன்றாம் எண்.

சிக்னல் எண் ஒன்று அல்ல, புரோசஸ் எண் ஒன்று. கம்ப்யூட்டர் எழுந்தவுடன் முதலில் பிறக்கிற புரோசஸுக்கு எண் 1. அதன் பழைய பெயர் 'இனிட்'. மற்ற எல்லாம் அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அதற்கு இரண்டு கடமைகள். பெற்றவர் போய்விட்ட அநாதைப் புரோசஸ்களைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொள்வது ஒன்று. இறந்த பிள்ளையின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்குவது இன்னொன்று. ஒரு புரோசஸ் இறந்தாலும், பெற்றவர் வந்து "ஆமாம், பார்த்துவிட்டேன்" என்று சொல்லும்வரை அதன் பெயர் பட்டியலிலேயே கிடக்கும். தாத்தா போய்ச் சேர்ந்த பிறகும், இறப்புச் சான்று கொடுக்கிற வரைக்கும் ரேஷன் கார்டில் அவர் பெயர் நிற்குமே, அதேபோல. இப்படி நிற்கிற பெயருக்கு ஸோம்பி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கடமை உள்ளவருக்குப் பாதுகாப்பும் உண்டு. ஒன்றாம் எண் செத்தால் முழு எந்திரமும் விழுந்துவிடும். அதனால் லினக்ஸின் கெர்னல் அதற்கு ஒரு சலுகை வைத்திருக்கிறது. தான் முன்கூட்டி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் சிக்னல்தான் ஒன்றாம் எண்ணைத் தொடும். மற்ற புரோசஸ் என்றால், ஏற்பாடு இல்லாவிட்டாலும் 15 வந்தால் நின்றுவிடும் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒன்றாம் எண் நிற்காது. அதற்குக் காதில் விழவே விழாது. தெரியாமல் யாராவது 'கில்' அடித்து ஊரையே இருட்டாக்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

அடுத்த பாத்திரம் ஷெல். நாம் அடிக்கும் கட்டளையை வாங்கிச் செய்விக்கிற கங்காணி. அதே ஏழாம் பதிப்பில் ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. இன்றுள்ள பல ஷெல்களுக்கு அதுதான் பாட்டன். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்து ஓட்டினால் அது ஸ்கிரிப்ட். ஷெல்லுக்கு ஒரு குணம்: ஒரு வேலையைக் கொடுத்துவிட்டால் அது முடிகிற வரைக்கும் காத்திருக்கும். அப்போது ஷெல்லுக்கு 15 வந்தால், அதைத் தன் கீழ் ஓடுகிற வேலைக்குக் கடத்தாது. அது தன் பொறுப்பு என்று ஷெல் நினைத்ததே இல்லை.

இதுநாள் வரை யாருக்கும் இது ஏன் உறுத்தவில்லை? நாம் மேசையில் உட்கார்ந்து ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்து கண்ட்ரோல்-சி அழுத்தினால், அந்தச் சிக்னல் ஷெல்லுக்கு மட்டும் போவதில்லை. அந்தத் திரைக்கு முன்னால் ஓடுகிற குழு முழுவதற்கும் கெர்னல் அனுப்புகிறது. மேஸ்திரிக்கும் ஆட்களுக்கும் ஒரே நேரத்தில் சங்கு கேட்கிற மாதிரி. அதனால் எல்லாம் அழகாக நிற்கும். "என் கம்ப்யூட்டரில் சரியாகத்தானே இருந்தது" என்று நீங்கள் சொல்கிற வசனத்துக்கு இந்த இடத்தில் உண்மையான காரணம் உண்டு. சர்வரில் யாரும் கண்ட்ரோல்-சி அழுத்துவதில்லை. அங்கே சேதி ஒரே ஓர் ஆளுக்குத்தான் போகிறது.

இந்த யுனிக்ஸ் வழிவந்த சரக்கு நம் வகுப்பறைக்கு எப்படி வந்தது என்பதும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1991-ல் ஃபின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸைத் தொடங்கினார். 2007-ல் சென்னை சி-டாக் 'போஸ்' என்று ஓர் இந்திய லினக்ஸை வெளியிட்டது. அதே காலத்தில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட் தலைமையில் இருந்தபோது அரசு அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றுகிற வேலையும் நடந்தது. 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கினார்களே, அதில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இருந்தது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்த சிலர் இன்று அதில்தான் பிழைக்கிறார்கள்.

இனி கண்டெய்னருக்கு வருவோம். துறைமுகத்தில் லாரியில் ஏறுகிற பெட்டி இல்லை; பெயர் மட்டும் அங்கிருந்து எடுத்தது. ஒரே சர்வரில் பல பேருடைய வேலைகளை, ஒன்றுக்கொன்று தெரியாமல், தனித்தனி அறையில் அடைத்து ஓட்டுவது. சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே பெரிய கொட்டகையாகக் கட்டாமல் சின்னச் சின்ன அறைகளாக, நடுவில் இடைவெளி விட்டு, ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஓர் அறையில் ஆனது அடுத்த அறைக்குப் போகக் கூடாது. அதே யோசனைதான்.

ஒரு புரோசஸுக்கு வேர் அடைவையே மாற்றிக் காட்டி அதை ஒரு மூலைக்குள் வைக்கும் 'சி-ரூட்' 1979-லேயே ஏழாம் பதிப்பில் இருந்தது. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. லினக்ஸில் திருப்பம் 2008 ஜனவரி, 2.6.24 கெர்னல். அதில் இரண்டு விஷயங்கள். ஒன்று, எந்த அறைக்கு எவ்வளவு என்று பங்கு வைக்கிற சி-குரூப். கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-ல் தொடங்கியது. இதில் நம் பக்கத்துக் கை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பெங்களூரு ஐபிஎம் லினக்ஸ் மையத்திலிருந்த ஸ்ரீவத்ச வத்தகிரி, சி.பி.யு நேரத்தைக் குழுக்களுக்குள் பங்கிடும் பகுதியில் உழைத்தவர். அங்கேயே இருந்த பல்பீர் சிங் நினைவகத்தை அளந்து கொடுக்கும் பகுதியை எழுதினார்; அது அடுத்த 2.6.25-ல் சேர்ந்தது. கண்டெய்னர் என்றால் சிலிக்கான் பள்ளத்தாக்கு என்று மட்டும் நினைக்கிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

இரண்டாவது, புரோசஸ் எண்களுக்கே தனி அறை. ரஷ்யாவின் பாவெல் எமெல்யானோவும் ஐபிஎம்மின் சுகதேவ் பட்டிப்ரோலுவும் சேர்ந்து வேலை செய்த பகுதி இது. இதன்படி ஒவ்வொரு கண்டெய்னருக்குள்ளும் எண்கள் மறுபடி 1-லிருந்து தொடங்கும். வெளியே பார்த்தால் 48,213 என்று எண் வாங்கிய ஒரு சாதாரண ஸ்கிரிப்ட், உள்ளே தன்னை 1 என்று நினைத்துக்கொள்ளும். கெர்னலும் அப்படியே நினைக்கும். ஒன்றாம் எண்ணுக்கான சலுகை, கடமை இரண்டும் அதன் தலையில் ஏறிவிடும்! 2009-ல் பட்டிப்ரோலுவும் ஒலெக் நெஸ்டரோவும் இந்தச் சலுகையின் எல்லையை இன்னும் தெளிவாக வரைந்தார்கள். அறைக்குள்ளிருந்து யார் 9 அனுப்பினாலும் உள்ளூர் ஒன்றாம் எண் சாகாது. வெளியே இருக்கிற பெரிய வீட்டிலிருந்து 9 வந்தால் செத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் வெளியிலிருந்து வருவது 15 என்றால், ஏற்பாடு செய்து வைத்திருந்தால்தான் கேட்கும். உள்ளூர் ஒன்றாம் எண் போய்விட்டால் அந்த அறையிலிருக்கிற மற்ற எல்லாருக்கும் கெர்னல் உடனே 9 அனுப்பிவிடும். குடும்பத் தலைவர் போனால் குடும்பமே உடன்கட்டை.

எழுதினவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே ஒரு முழு லினக்ஸை, உண்மையான இனிட்டோடு ஓட்டப்போகிறார்கள் என்றுதான் அப்போது கணக்கு. அந்த இடத்தில் ஒரு பத்து வரி ஸ்கிரிப்ட் வந்து உட்காரும் என்று யார் கண்டது?

வந்து உட்கார்ந்தது 2013-ல். அந்த மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைதான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் என்பவர் சில நிமிடங்களே பேசி டாக்கரை அறிமுகப்படுத்தினார். அதற்கு முன்பு கண்டெய்னர் என்பது கெட்டிக்காரர்கள் மட்டும் கட்டுகிற வீடு. டாக்கர் வந்ததும் யார் வேண்டுமானாலும் ஒரு சின்னக் கோப்பில் நாலு வரி எழுதிக் கட்டிவிடலாம் என்றாயிற்று. ஒரு கண்டெய்னருக்கு ஒரே வேலை, உள்ளே இனிட் எல்லாம் வேண்டாம் என்பது அதன் பழக்கம். நிறுத்தச் சொன்னால் டாக்கர் என்ன செய்யும்? உள்ளூர் ஒன்றாம் எண்ணுக்கு 15 அனுப்பும். 10 விநாடி காத்திருக்கும். அப்புறமும் ஓடினால் 9.

இப்போது எல்லாத் துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். கண்டெய்னருக்குள் ஸ்கிரிப்ட் ஒன்றாம் எண். அதன் கீழே உண்மையான வேலையைச் செய்கிற புரோகிராம். 15 வருகிறது. ஸ்கிரிப்ட் ஏற்பாடு எதுவும் செய்யவில்லை, ஒன்றாம் எண் என்பதால் அதற்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கீழே கடத்தியிருக்காது. கீழே இருக்கும் புரோகிராம் 15 வந்தால் ஒழுங்காக முடித்துக்கொள்ள அருமையாக எழுதப்பட்டிருக்கும். ஆனால் அதற்குச் சேதியே போகவில்லை. 10 விநாடி சும்மா கழிகிறது. பிறகு 9. ஸ்கிரிப்ட் சாகிறது, அதோடு எல்லாமும். வெளியே வருகிற எண் 137. அதாவது 128-ஓடு 9. ஒழுங்காக 15-ல் நின்றிருந்தால் 143.

இதற்கு ஓர் உண்மையான விலை உண்டு. நம் மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்து பயிற்சிக் காலம் முடியாத நேரம். அந்தக் கம்பெனி ஓர் அச்சகத்துக்கு காலண்டர் ஆர்டர் மென்பொருள் செய்து கொடுத்திருந்தது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று புது வருட காலண்டர் ஆல்பம் வெளியாகும், அன்றிலிருந்து ஏஜென்ட்கள் ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தினசரி காலண்டர் அட்டையின் அடியில் கடைப் பெயர், ஊர், போன் நம்பர் அச்சாகும். ஆர்டர்களை வரிசையாக எடுத்து, அச்சுக்குப் போகிற பட்டியலைத் தயாரிப்பது அவள் பார்த்துக்கொண்ட புரோகிராம். கண்டெய்னருக்குள் ஒரு ஸ்கிரிப்ட் அதை எழுப்பும்.

ஒரு சாயங்காலம் புதிய பதிப்பை ஏற்றினார்கள். ஓடிக்கொண்டிருந்த பழைய கண்டெய்னர் நின்றது. 10 விநாடி கழித்து, வெட்டுப்பட்டு. பட்டியல் பாதியில் நின்றது. கடைசி வரியில் ஒரு மளிகைக் கடையின் போன் நம்பர் ஏழு இலக்கத்தோடு முடிந்திருந்தது. அதற்குக் கீழே இருந்த கடைகள் பட்டியலிலேயே இல்லை. புதிய கண்டெய்னர் எழுந்து, கோப்பு இருக்கிறதே, வேலை முடிந்தது என்று எடுத்துக்கொண்டது. அந்த மளிகைக் கடைக்கு ஏழு இலக்க நம்பரோடு அட்டை அச்சாகிப் போனது. பெயர் போட்ட அட்டையை வேறு யாருக்கும் விற்க முடியாது, எடைக்குத்தான் போட வேண்டும். விடுபட்ட கடைக்காரர்கள் டிசம்பரில் ஏஜென்டைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் அச்சகத்தை, அச்சகம் கம்பெனியை, கம்பெனி கடைசியில் சேர்ந்த பெண்ணை.

"சார், நான் எழுதின புரோகிராம்ல 15 வந்தா ஃபைலை முடிச்சிட்டுத்தான் சார் நிக்கும். டெஸ்ட் பண்ணிக் காட்டினேன். அவங்க நம்பல" என்றாள். அவள் சொன்னது அத்தனையும் நிஜம். புரோகிராமில் தப்பு இல்லை. சேதி வரவில்லை.

அவள் கம்பெனியில் மூத்தவர் ஒருவர் முதலில் சொன்ன வைத்தியம் 'டினி'. இதற்கும் ஒரு சின்ன வரலாறு உண்டு. 2015 ஜனவரியில் நெதர்லாந்தின் ஃப்யூஷன் என்ற நிறுவனம், கண்டெய்னருக்குள் ஒன்றாம் எண் தன் கடமையைச் செய்யாததால் ஸோம்பிகள் சேர்வதை விளக்கி எழுதியது. அதே காலத்தில் தாமஸ் ஓரோஸ்கோ ஒரு மிகச் சிறிய இனிட்டை எழுதினார். இனிட்டின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் டினி. 2016 ஜனவரியில் யெல்ப் நிறுவனம் 'டம்ப்-இனிட்' என்று ஒன்றை வெளியிட்டது. 2017 ஜனவரியில் டாக்கர் 1.13 டினியைத் தன்னோடே சேர்த்துக்கொண்டது; 'இனிட்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து ஓட்டினால் போதும்.

சேர்த்து ஓட்டினார்கள். 10 விநாடித் தாமதம் போய்விட்டது, சட்டென்று நிற்கிறது. சரியாகிவிட்டது என்று எல்லாரும் கை தட்டினார்கள். இந்தப் பெண் மட்டும் கோப்பைத் திறந்து வரிகளை எண்ணிப் பார்த்திருக்கிறாள். இன்னும் பாதிதான்.

ஏன்? டினி இப்போது ஒன்றாம் எண். அது 15-ஐ வாங்கித் தன் நேரடிப் பிள்ளையான ஸ்கிரிப்டுக்குக் கொடுக்கிறது. ஸ்கிரிப்ட் இப்போது சலுகை இல்லாத சாதாரண ஆள், ஏற்பாடும் இல்லை, உடனே விழுகிறது. பேரப்பிள்ளையான புரோகிராமுக்குச் சேதி போகவே இல்லை. பிள்ளை போனதும் டினி தன் வேலை முடிந்ததென்று வெளியேறுகிறது. ஒன்றாம் எண் வெளியேறியதால் அறையில் மிச்சமிருந்த புரோகிராமுக்கு 9. முன்பு 10 விநாடி அவகாசமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. வெளியே வருகிற எண்ணோ 143, பார்ப்பதற்கு மரியாதையான எண். வேகமாக நிற்பதைப் பார்த்து ஏமாந்த இடம் இது. டம்ப்-இனிட் என்றால் குழு முழுவதற்கும் அனுப்பும். டினிக்கும் அப்படி அனுப்பச் சொல்ல ஒரு குறிப்பு உண்டு, ஆனால் கேட்டால்தான் செய்யும்.

அவள் கடைசியில் செய்தது மிகச் சுலபம். ஸ்கிரிப்டின் கடைசி வரியில், புரோகிராமை எழுப்பும் கட்டளைக்கு முன்னால் 'எக்ஸெக்' என்று ஒரு சொல். அப்படிச் சொன்னால் ஷெல் பிள்ளை பெறாது. தானே அந்தப் புரோகிராமாக உருமாறிவிடும். எண் அதே 1. இடையில் கங்காணி இல்லை. 15 நேராக வேலை செய்கிறவர் காதுக்குப் போகிறது, அவர் ஏற்பாடு செய்து வைத்திருப்பதால் கேட்கவும் செய்கிறது.

எல்லா ஸ்கிரிப்டிலும் இது நடக்காது. புரோகிராம் முடிந்த பிறகு ஸ்கிரிப்டுக்கு இன்னும் வேலை இருந்தால் உருமாற முடியாது. அப்போது போர்ன் காலத்திலிருந்தே இருக்கிற 'டிராப்' வேண்டும்: 15 வந்தால் கீழே இருப்பவனுக்கு 15 அனுப்பு என்று எழுதி வைப்பது. இதிலும் ஒரு பள்ளம். முன்னால் ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது பாஷ் போன்ற ஷெல்கள், வந்த சிக்னலை மடியில் கட்டிக்கொண்டு, அந்த வேலை முடிந்த பிறகுதான் டிராப்பைச் செய்யும். அதற்குள் 10 விநாடி போய்விடும். ஆகவே புரோகிராமைப் பின்னணியில் ஓடவிட்டு, ஷெல் 'வெயிட்' என்று காத்திருக்க வேண்டும். வெயிட்டில் இருக்கும்போது சிக்னல் வந்தால் உடனே எழுந்துகொள்ளும், டிராப் ஓடும், 15 கீழே போகும். அப்புறம் இரண்டாவது தடவையும் வெயிட் சொல்ல வேண்டும். பலர் விடுவது இந்த இரண்டாவதைத்தான். சேதி சொல்லிவிட்டு, பிள்ளை கணக்கை முடிக்கும் முன்பே ஷெல் கிளம்பிவிட்டால் பழைய கதைதான்.

இன்னொன்றும் செய்தாள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பட்டியலை நேராக அந்தப் பெயரில் எழுதாமல், வேறு ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, முழுதும் முடிந்த பிறகு கடைசியில் பெயரை மாற்றுவது. பாதியில் கரண்ட் போகட்டும், 9 வரட்டும், பாதிப் பட்டியல் முழுப் பட்டியலின் பெயரில் நிற்காது. 9-ஐ யாராலும் பிடிக்க முடியாது என்று 1973-லேயே எழுதி வைத்துவிட்டார்களே. வரும் என்று தெரிந்த ஒன்றுக்கு இடம் விட்டு எழுத வேண்டியதுதான்.

வேறு இடங்களில் இருப்பவர்களுக்குச் சில தகவல்கள். கூகுள் 2014-ல் வெளியிட்ட குபெர்னெட்டிஸில் 10-க்குப் பதில் வழக்கமான அவகாசம் 30 விநாடி; கூட்டிக்கொள்ளலாம். எல்லாருக்கும் 15 என்பதே மரியாதைச் சொல் என்றும் இல்லை. என்ஜின்எக்ஸ் சர்வருக்கு 15 என்றால் உடனே கிளம்பு, 3 என்றால் கையிலிருக்கிறவர்களைக் கவனித்து அனுப்பிவிட்டுக் கிளம்பு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு 15 சொன்னால் இணைந்திருப்பவர்கள் எல்லாரும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். 2 சொன்னால்தான் சீக்கிரம், ஆனால் ஒழுங்காக நிற்கும். இதற்காகவே எந்தச் சிக்னலை அனுப்ப வேண்டும் என்று கண்டெய்னர் கோப்பிலேயே எழுதும் வசதியை 2015-ல் டாக்கர் கொடுத்தது.

அந்த அச்சகத்து நட்டம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அவள் ஒரு பக்கத்தில் மூன்று படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாள்: பழைய நிலை, டினி வைத்த நிலை, எக்ஸெக் வைத்த நிலை. ஒவ்வொன்றிலும் 15 எந்தக் கதவு வரைக்கும் போகிறது என்று அம்புக்குறி. அட்டைச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. பயிற்சிக் காலம் மட்டும் இன்னும் மூன்று மாதம் நீட்டித்தார்கள். அது அநியாயம் என்பது என் கருத்து. அவள் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டாள். வேலை இப்போது நிரந்தரம்.

இந்தத் துறையில் இருக்கும் பிள்ளைகள் நாளைக்கு ஆபீஸ் போனதும், நின்றுபோன கண்டெய்னர்களின் பட்டியலில் 137 எத்தனை என்று பாருங்கள். நினைவகம் தீர்ந்து கெர்னல் வெட்டினாலும் அதே 137 வரும், அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். மிச்சம் இருந்தால், ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எக்ஸெக் இருக்கிறதா என்று பாருங்கள். 143 என்றிருந்தாலும், அந்தப் பெண் செய்த மாதிரி கோப்பைத் திறந்து வரிகளை எண்ணிவிடுங்கள்.